மெட்ராஸ் சேப்பர் தாத்தாவுக்கு முதல் தெவசம் வருது: நிலத்தில் கல் நடலாமா?

மத்தூர் பேரன்
நவம்பர் 24, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னிக்கு ஒரு விஷயம் கேட்கணும்.

எங்க தாத்தா போன மார்கழியில் தவறிட்டாரு. 80 வயசு. ஊர்ல "மிலிட்டரிக்காரர்"னு சொன்னாத்தான் தெரியும், பேர் சொன்னா யாருக்கும் தெரியாது. 1963ல் சேர்ந்து 1981ல் ஹவில்தாரா வெளிய வந்தாரு. பெங்களூர் சேப்பர்ஸ்னு சொல்லுவாரு (மெட்ராஸ் சேப்பர்ஸ்தான், ராணுவத்தோட இன்ஜினியர் படை), அதுக்கு மேல கேட்டா "போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" அவ்வளவுதான். 71 சண்டையில் பங்களாதேஷ் போனாருன்னு எங்க அப்பா சொல்லுவாரு. தாத்தா ஆமான்னும் சொன்னதில்ல, இல்லன்னும் சொன்னதில்ல.

வருஷ தெவசம் வருதுன்னு போன வாரம் அவரோட கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடிமேல வெள்ளை பெயின்ட்ல நம்பரும் பேரும். உள்ள டிஸ்சார்ஜ் புக், ஆயா அனுப்பின இன்லேண்ட் லெட்டர் ஒரு கட்டு, ஒரு எனாமல் மக், துணியில சுத்தின மெடல்கள், ஒரு போட்டோ. லெட்டர் எல்லாம் "கேர் ஆஃப் 56 ஏபிஓ"ன்னு ராணுவத் தபால் முகவரி போட்டிருக்கு. ஆயாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்ட சொல்லி எழுத வெச்சதாம். "மழை இல்லை, கேழ்வரகு கருகிவிட்டது, வேடியப்பனுக்கு விளக்கு போட்டேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்." ஏறக்குறைய எல்லா லெட்டர்லயும் இந்த வேடியப்பன் வரி இருக்கு.

அதான் அடுத்த விஷயம். எங்க நிலத்து வரப்போரம் ஒரு பழைய கல்லு இருக்கு. இடுப்பு உயரம், ஒரு ஆள் கையில் கத்தியோட நிக்கற மாதிரி செதுக்கினது. அதுதான் எங்க வேடியப்பன். தாத்தா தினமும் காலையில் குளிச்சிட்டு ஈர வேட்டியோட போய் விபூதி வெச்சிட்டுத்தான் காபி குடிப்பாரு. 40 வருஷம், ஒரு நாள் தவறினதில்ல. கொரோனா வந்து எழுந்திரிக்க முடியாமக் கிடந்த 11 நாள் என்னை அனுப்பினாரு. "போய் வெச்சிட்டு வா, நான் வரலன்னு சொல்லிட்டு வா"ன்னு சொல்லி அனுப்புவாரு. கல்லுகிட்ட போய் சொல்லிட்டுத்தான் வருவேன்.

இப்ப சித்தப்பா சொல்றாரு, அந்தக் கல்லு பக்கத்துலயே தாத்தாவுக்கும் ஒரு கல்லு, மிலிட்டரி டிரஸ்ல செதுக்கி நடலாம்னு. கிருஷ்ணகிரியில் கல் வேலைக்காரங்ககிட்ட விலை கூட கேட்டாச்சு. அப்பாவுக்கு மனசில்ல. ஆயா எதுவும் சொல்ல மாட்டேங்குது.

இப்படி நடறது முறையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்புறம் அந்த மெடல்கள் என்னன்னும் தெரியணும்.

---

கல்லாவி மகள்
நவம்பர் 24, இரவு 10:15

தம்பி, தாத்தாவுக்கு என் வணக்கம். கல்லு அப்புறம் நடலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க, ஆயாவுக்குக் குடும்ப பென்ஷன் வந்துடுச்சா?

---

மத்தூர் பேரன்
நவம்பர் 24, இரவு 10:31

இல்லக்கா. 11 மாசமா அலையறோம். டிஸ்சார்ஜ் புக்ல ஆயா பேரு வீட்ல கூப்பிடற பேரா இருக்கு. ஆதார்ல வேற பேரு. மாவட்டம் சேலம்னு இருக்கு, ஆதார்ல கிருஷ்ணகிரி. ஒரு இடத்துல "இது வேற ஆளு மாதிரி இருக்கே"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. 60 வருஷம் குடும்பம் நடத்தின மனுஷி, அதைக் கேட்டுட்டு பஸ்ல வர்ற வழியெல்லாம் பேசவே இல்ல.

---

கல்லாவி மகள்
நவம்பர் 24, இரவு 11:02

படிக்கறப்பவே வயிறு எரியுது. எங்க அம்மாவுக்கும் இதே கதைதான், அதனால சொல்றேன்.

மாவட்டம் விஷயத்துக்கு பயப்படாதீங்க. தாத்தா சேர்ந்த 1963ல் நம்ம ஊரெல்லாம் சேலம் ஜில்லா. 1965 அக்டோபர் 2ல் தர்மபுரி மாவட்டம் ஆச்சு. 2004 பிப்ரவரி 9ல் கிருஷ்ணகிரி தனியாப் பிரிஞ்சது. மனுஷன் ஒரே வீட்ல இருந்தாரு, மாவட்டம்தான் ரெண்டு தடவை மாறிச்சு. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட இதை வெச்சே ஒரு சான்று வாங்கிடுங்க.

பேர் விஷயம்தான் முக்கியம். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் போடுங்க. அதோட கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பிள்ளைங்களோட பள்ளிச் சான்றுல அம்மா பேரு எப்படி இருக்கோ அது, எல்லாம் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா ரெக்கார்ட்ஸுக்கு, அதாவது தாத்தா படையோட ஆவண அலுவலகத்துக்கு, அனுப்பச் சொல்லுங்க. நேரா பேங்க்ல நின்னா வேலைக்காகாது. இப்ப பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ்ங்கற ஆன்லைன் முறைக்குப் போயிடுச்சு, ரெக்கார்ட்ஸ்ல பேர் திருந்தாம அங்க எதுவும் நகராது. அனுப்பற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் கையில இருக்கட்டும்.

அந்த இன்லேண்ட் லெட்டர்ல ஆயா எந்தப் பேர்ல கையெழுத்து, இல்ல கைநாட்டு வெச்சிருக்குன்னு பாருங்க. அதுவும் உதவும்.

---

பழைய தம்பி
நவம்பர் 25, காலை 5:50

வணக்கம். பாலக்கோடு பக்கம். நானும் மெட்ராஸ் சேப்பர்ஸ்தான், உங்க தாத்தாவுக்கு ரொம்பப் பின்னாடி சேர்ந்தவன். என் பேரைப் பார்த்து யோசிக்க வேண்டாம். மெட்ராஸ் சேப்பரை ராணுவத்துல எல்லாரும் "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க. சர்தார்ஜி ஆபீசர் கூட "ஏ தம்பி"ம்பாரு. 1780ல் ஆரம்பிச்ச படை. பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல சென்டர்.

மெடல் போட்டோ போடுங்க. ரவுண்டு மெடலா இருந்தா விளிம்பைச் சுத்தி சின்ன எழுத்துல நம்பர், ரேங்க், பேர் வெட்டியிருக்கும். நட்சத்திர மெடலா இருந்தா பின்பக்கம் இருக்கும். ஈரத்துணியால துடைச்சாப் போதும். பிராஸோ போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து தேய்ஞ்சிடும்.

அந்த போட்டோவையும் போடுங்க.

---

மத்தூர் பேரன்
நவம்பர் 25, இரவு 8:20

ஐயா, போட்டோ இணைச்சிருக்கேன். நாங்க இவர் பேண்டு வாத்தியக் குழுவுல இருந்தப்ப எடுத்ததுன்னு நினைச்சோம், தொப்பி அப்படி உயரமா இருக்கு. நட்சத்திர மெடல் ஒண்ணு, வட்டமா நாலு. ஹிந்தி எழுத்து. ஓசூர்ல கம்பெனியில் வேலை செய்யற பையன் ஒருத்தன் படிச்சு "பஸ்சிமி ஸ்டார்"னு சொன்னான். இன்னொண்ணு "சங்க்ராம்".

---

பழைய தம்பி
நவம்பர் 26, காலை 5:35

தொப்பியைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டேன். அது பேண்டு தொப்பி இல்ல தம்பி. அதுக்குப் பேரு டூப்டா. மெட்ராஸ் சேப்பருக்கு மட்டும் உரியது, இந்திய ராணுவத்துல வேற யாருக்கும் கிடையாது. பத்திரமா வைங்க.

இப்ப மெடல். உங்க அப்பா சொன்னது தப்பு. தாத்தா 71ல் பங்களாதேஷ் போகல. கிழக்கு முனையில் இருந்தவங்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். பஸ்சிமின்னா மேற்கு. பஞ்சாப், ஜம்மு, ராஜஸ்தான் பக்கம் இருந்தவங்களுக்கு. டிஸ்சார்ஜ் புக்ல யூனிட் என்ன போட்டிருக்கு?

---

மத்தூர் பேரன்
நவம்பர் 26, காலை 7:10

9 இன்ஜினியர் ரெஜிமென்ட்னு இருக்குங்க ஐயா.

---

பழைய தம்பி
நவம்பர் 26, மதியம் 1:45

காலையிலயே பார்த்துட்டேன். உடனே எழுத முடியல. தோட்டத்துக்குப் போயிட்டு வந்து எழுதறேன்.

9 இன்ஜினியர்னா பசந்தர். பாகிஸ்தான்ல ஷகர்கர் பக்கம் ஓடற ஒரு சின்ன ஆறு. அதைத் தாண்டி எதிரி கண்ணிவெடி புதைச்சு வெச்சிருந்தான், ஆழமான வயல். 1971 டிசம்பர் 15 ராத்திரி நம்ம சேப்பர்ஸ் அதுக்குள்ள இறங்கி டேங்க் போற அளவுக்கு ஒரு பாதை திறக்கணும். குண்டு விழுந்துகிட்டே இருக்கும், நிமிரக் கூடாது, ஓடக் கூடாது, விளக்கு காட்டக் கூடாது. டிசம்பர் மாசப் பஞ்சாப் குளிர். அங்க காலாட்படை ஏற்கெனவே ஆத்தைத் தாண்டி எதிர்க்கரையில் உக்காந்திருக்கு. எதிரி டேங்க் திரும்ப வர்ற சத்தம் கேக்குது. பாதை முழுசா முடியறதுக்குள்ளயே பூனா ஹார்ஸ் டேங்குகள் கண்ணிவயலுக்குள்ள இறங்கிடுச்சு, வேற வழி இல்ல. மறுநாள் 16ந் தேதி நடந்த டேங்க் சண்டையில்தான் அருண் கேத்ரபால் இறந்தது. 21 வயசுப் பையன், பரம்வீர் சக்ரா. அதே சண்டையில் கிரெனேடியர்ஸ் மேஜர் ஹோஷியார் சிங்குக்கும் பரம்வீர் சக்ரா. அவங்க கதை புத்தகத்துல இருக்கு, இருக்கணும். அந்த டேங்க் போன பாதையை வயித்துல ஊர்ந்து திறந்தவங்க ரெஜிமென்ட்ல உங்க தாத்தா இருந்திருக்காரு.

அன்னிக்கு ராத்திரி அவர் எந்த கம்பெனி, எங்க நின்னாருன்னு நான் சொல்ல முடியாது. தெரியாததை சொன்னா அது அவருக்குப் பண்ற மரியாதை இல்ல. ரெக்கார்ட்ஸ்ல கேளுங்க.

---

மத்தூர் பேரன்
நவம்பர் 26, இரவு 11:20

ஐயா, இதை வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டினேன். அப்பா எழுந்து வெளிய போயிட்டாரு.

ஒண்ணு கேட்கணும். இது சரியா, இல்ல நானா சேர்த்துப் பார்க்கறேனான்னு தெரியல. எங்க நிலத்துல கடலைக்காய் பிடுங்கினதும் மண்ணுல விட்டுப்போன காய் பொறுக்குவோம். நாங்க எல்லாம் மண்வெட்டிக் கொத்துல கிளறுவோம். தாத்தா மட்டும் பழைய குடைக்கம்பி ஒண்ணு வெச்சிருப்பாரு. குந்த மாட்டாரு, ஒரு பக்கமா சாய்ஞ்சு படுத்த மாதிரி உக்காந்துக்குவாரு. இடது கையை விரிச்சு மண்ணைத் தடவிட்டே போவாரு. கம்பியை சாய்ச்சு, மெதுவா, ஒரு விரக்கடை உள்ள விடுவாரு. எடுப்பாரு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. எனக்கும் சொல்லிக் கொடுத்தாரு. "நேராக் குத்தாத. சாய்ச்சு விடு. தட்டுச்சுன்னா நிறுத்து. கையால மண்ணைத் தள்ளிப் பாரு." ஒரு காய் கூட உடையாது. ஆயா "இந்த மனுஷன் ஒரு பாத்தி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடும்"னு சொல்லும்.

---

பழைய தம்பி
நவம்பர் 27, காலை 5:20

நீங்க சேர்த்துப் பார்க்கல தம்பி. அதுதான் பிராடிங், கம்பியால மண்ணைக் குத்திக் கண்ணிவெடி தேடறது. டேங்க் கண்ணிவெடிக்கு மேல தட்டு இருக்கும், அதை அழுத்தினாத்தான் வெடிக்கும். நேராக் குத்தினா தட்டுல போய் அழுத்தும். சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும். தட்டினா நிறுத்தணும், கையால மண்ணைத் தள்ளணும். எங்க உஸ்தாத் பெங்களூர் மைதானத்துல எனக்கு சொன்ன வார்த்தை இதே வார்த்தை. தமிழ்லதான் சொன்னாரு.

அந்தக் குடைக்கம்பி இருக்கா?

---

மத்தூர் பேரன்
நவம்பர் 27, காலை 6:05

இருக்குங்க. மாட்டுக்கொட்டாய் கூரையில் செருகி வெச்சிருந்தாரு. இப்பத்தான் போய் எடுத்துட்டு வந்தேன். பிடிக்கற இடத்துல துணி சுத்தி, அதுமேல சைக்கிள் டியூப் ரப்பர் போட்டுக் கட்டியிருக்காரு. நுனி தேய்ஞ்சு மழுங்கியிருக்கு.

---

நடுகல் தேடி
நவம்பர் 27, இரவு 9:00

அரூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் நடுகல் பார்க்கப் போவதே என் வழக்கம். உங்கள் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நீங்கள் வேடியப்பன் என்று கும்பிடும் கல் பெரும்பாலும் ஒரு நடுகல்தான். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, அரூர் வட்டாரம் முழுக்க வேடியப்பன் கோயில் என்று சொல்லி உள்ளே போனால் வீரன் கல் நிற்கும். வலக்கையில் வாள், இடக்கையில் கேடயமோ வில்லோ, காலடியில் சிமிழும் கெண்டியும் இருக்கிறதா பாருங்கள். பல கற்களில் எழுத்து இருக்கும். ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்து, "தொறு மீட்டுப் பட்டான்" என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் வீழ்ந்தான். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இந்தக் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு முறை தாத்தாவை நினைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. நம் தகடூர் அதியமானுக்கே நடுகல் நட்டார்கள். சிறு கலத்தில் கள் வார்த்து அதற்குப் படைத்ததை ஒளவை புறநானூறு 232ஆம் பாட்டில் அழுதபடி பாடியிருக்கிறாள். மலைகள் நிறைந்த ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறாள்.

அதனால் என் கருத்தை மனதில் பட்டபடி சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நடுகல் வீழ்ந்தவனுக்கு. உங்கள் தாத்தா திரும்பி வந்தவர். வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் உழுதவர், பேரன் எடுத்தவர். அவருக்குச் சமாதி கட்டுங்கள், பேர்ப் பலகை வையுங்கள். வேடியப்பனுக்கு இணையாக வீரக்கல் வேண்டாம்.

இன்னொன்று. கல்லுக்கு இனாமல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எழுத்து இருந்தால் அதோடு போய்விடும்.

---

தீர்த்தமலைக்காரர்
நவம்பர் 28, காலை 10:30

வாத்தியார் சொல்வதை ஒத்துக்க முடியல. கண்ணிவயல்ல ஒரு ராத்திரி முழுக்க ஊர்ந்தவர் வீழ்ந்தவருக்கு எந்த விதத்துல குறைஞ்சவர்? செத்தாத்தான் வீரனா? நம்ம ஊர்ல சொந்த நிலத்துல பெரியவங்களுக்குக் கல் நட்டு கும்பிடறது காலங்காலமா இருக்கு. பேரப்பிள்ளைங்க நாளைக்குக் கேக்கணும், "இது யாரு, கையில என்ன"ன்னு. சித்தப்பா நினைக்கறது சரி. நடுங்க.

---

எலத்தகிரி
நவம்பர் 28, மாலை 6:15

நாங்க கிறிஸ்தவங்க. எங்க தாத்தாவும் பட்டாளத்துக்காரர்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். இப்ப இந்த இழையைப் படிக்கறேன், அதான் எழுதத் தோணுச்சு.

எங்க தாத்தா மெடல் டப்பாவுக்குள்ளயே ஜெபமாலையும் வெச்சிருந்தாரு. ரெஜிமென்ட்ல எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரே வழிபாட்டு இடம் இருக்கும், சர்வ தர்ம ஸ்தல்னு, அங்க எல்லாரும் சேர்ந்து நின்னு கும்பிடுவோம்னு சொல்லுவாரு. ஊருக்கு வந்தப்புறம் கூட திருவிழாவுக்கு பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் ஆளுங்களை வரவேற்க இவர்தான் முன்னாடி நிப்பாரு. அவர் இறந்தப்ப எங்களுக்கும் கல்லறையில் துப்பாக்கி படம் செதுக்கணும்னு ஆசை. பாட்டி ஒத்தை வார்த்தை சொன்னாங்க: "அவர் அதை இறக்கி வெச்சிட்டு வந்தவரு." சிலுவை மட்டும் போட்டோம்.

உங்க ஆயாகிட்ட கேட்டீங்களா? அவங்க சும்மா இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க.

---

மத்தூர் பேரன்
டிசம்பர் 3, இரவு 9:50

கேட்டேன். எப்படிக் கேட்கறதுன்னு தெரியாம ரெண்டு நாள் சுத்திட்டு, கடைசியா சாயங்காலம் புளி கொட்டை எடுத்துட்டு இருந்தப்ப பக்கத்துல உக்காந்து நானும் எடுத்துகிட்டே கேட்டேன்.

ஆயா நேரா பதில் சொல்லல. "மார்கழி மொத நாளு உங்க தாத்தன் எத்தினி வெளக்கு போடும்?"னு என்னைத் திருப்பிக் கேட்டுச்சு.

மார்கழி ஒண்ணுக்கு ஊரே பெருமாள் கோயில் பஜனைக்குப் போகும். தாத்தா மட்டும் இருட்டோட வேடியப்பன்கிட்ட போயிடுவாரு. எனக்குத் தெரியும், சின்ன வயசுல கூடப் போயிருக்கேன். மத்த நாள்ல ஒரு விளக்கு. அன்னிக்கு மட்டும் மூணு அகல் தனியா, கல்லுக்குக் கீழ மண்ணுல வெப்பாரு. நல்லெண்ணெய். விடியற வரைக்கும் அணையாம பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, கம்பளி கூடப் போர்த்திக்க மாட்டாரு. மார்கழி பூஜைன்னு நினைச்சோம் எல்லாரும்.

மார்கழி ஒண்ணு பெரும்பாலும் டிசம்பர் 16ல்தான் வரும்.

ஆயாவுக்குத் தேதி எல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: 72ல் லீவுல வந்தப்பவே மூணு அகல் வாங்கித் தரச் சொல்லியிருக்காரு. யாருக்குன்னு ஆயா ஒரே ஒரு தடவை கேட்டுச்சாம். "கூட இருந்த பசங்களுக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாராம். அதுக்கப்புறம் ஆயா கேட்கல. ஒவ்வொரு மார்கழிக்கும் அகலைக் கழுவிக் காயவெச்சு எடுத்துக் கொடுக்கறதோட சரி.

"அந்தப் பசங்களுக்குக் கல்லு இல்லாமத்தான் இந்தக் கல்லுக்குப் போட்டுச்சு. அதுக்குப் பக்கத்துல உங்க தாத்தனையே கல்லா நிறுத்துனா அது மனசு கூசிப் போவும்"னு ஆயா சொல்லுச்சு. அப்பா வாசப்படியில நின்னு கேட்டுட்டு இருந்தாரு. சித்தப்பாவுக்கு போன் பண்ணி அவரே சொல்லிட்டாரு.

---

தீர்த்தமலைக்காரர்
டிசம்பர் 3, இரவு 10:20

நான் எழுதினதை எடுத்துக்கறேன். ஆயா காலைத் தொட்டுக் கும்பிட்டேன்னு சொல்லுங்க.

---

நடுகல் தேடி
டிசம்பர் 4, காலை 7:00

நான் முறை பேசினேன். அவர் அந்த முறையை 50 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். எங்கோ பஞ்சாப் மண்ணில் வீழ்ந்தவர்களுக்கு மத்தூர் வரப்பில் படையல். அனுமதி தந்தால் ஒரு ஞாயிறு வந்து கல்லைப் பார்க்கிறேன், எழுத்து இருந்தால் மாவுப் பொடி தூவிப் படித்துச் சொல்கிறேன்.

---

மத்தூர் பேரன்
டிசம்பர் 18, இரவு 8:45

வாத்தியார் வந்துட்டுப் போனாரு. எழுத்து ஒண்ணும் இல்ல, உருவம் மட்டும்தான். மார்புல அம்பு தைச்சிருக்கறதை அவர் விரல் வெச்சுக் காட்டினப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. இத்தனை வருஷம் அது பூணூல் மாதிரி ஒரு கோடுன்னு நினைச்சிட்டு இருந்தோம்.

முந்தாநாள் மார்கழி பிறந்துச்சு. நாலு மணிக்கு அப்பா, சித்தப்பா, நான், என் பொண்ணு போனோம். மூணு அகல். சித்தப்பா எண்ணெய் ஊத்தினாரு. காத்து இருந்துச்சு. ஒண்ணு அணைஞ்சு அணைஞ்சு போச்சு, அப்பா துண்டை விரிச்சு மறைச்சுப் பிடிச்சுகிட்டே உக்காந்திருந்தாரு. யாரும் பேசல. பொண்ணு என் மடியிலயே தூங்கிட்டா. தாத்தாவுக்கு நாலாவதா ஒண்ணு வைக்கலாமான்னு கேட்டேன், அப்பா தலையாட்டல. தெவசத்துக்கு வீட்ல வெச்சுக்கலாம்னுட்டாரு.

கல்லாவி அக்கா, அஃபிடவிட்டும் லெட்டரும் சேர்த்து போனது ரெக்கார்ட்ஸ்ல ஏத்துக்கிட்டாங்களாம், நல அலுவலகத்துல இருந்து போன் வந்துச்சு. 1968ல் வந்த ஒரு லெட்டர்ல வாத்தியார் ஆயாவோட ரெண்டு பேரையும் சேர்த்தே எழுதியிருந்தாரு. அதுதான் கை கொடுத்துச்சு.

---

கல்லாவி மகள்
டிசம்பர் 18, இரவு 9:05

கண்ணு கலங்கிடுச்சு தம்பி. நிலுவையும் சேர்த்து வரும், தாத்தா இறந்த மறுநாள்ல இருந்து கணக்கு. கணக்கை வாங்கிச் சரி பாருங்க. ஆயாவோட இசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவக் குடும்ப மருத்துவத் திட்டம்) கார்டுலயும் பேரை இப்பவே மாத்திடுங்க, அப்புறம்னு விடாதீங்க.

---

பழைய தம்பி
டிசம்பர் 19, காலை 5:30

தம்பி, உங்க தாத்தா டூப்டா போட்டோவை எங்க பழைய ஆளுங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டிருந்தேன். நேத்து ராத்திரி ஒரு பதில் வந்துச்சு. ஓசூர்ல மகன் வீட்ல ஒரு பெரியவர் இருக்காரு, 9 இன்ஜினியர். போட்டோவைப் பார்த்ததும் பேரைச் சொல்லிட்டாராம், நம்பரோட கடைசி மூணு எண்ணையும் சொன்னாராம். டிரங்குப் பெட்டியில இருக்கறதோட ஒத்துப் பாருங்க, தனிச்செய்தியில அனுப்பியிருக்கேன். காது கேக்காது, எழுதிக் காட்டணும். காலையில் 10 மணிக்கு மேல போங்க.

---

மத்தூர் பேரன்
டிசம்பர் 19, காலை 6:10

நம்பர் சரியா இருக்குங்க ஐயா. ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். ஆயாவும் வர்றேன்னு சொல்லிடுச்சு. குடைக்கம்பியையும் எடுத்துட்டு வரச் சொல்லுது.